கால் என்னிடம் சொல்லாமல் விட்டது

தர்ஷினி, நிரோஷன், இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீங்கள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "எப்புடிப்பா ஒங்களுக்குத் தெரியாமப் போச்சு?" வாயால் சொல்ல வரவில்லை. நான் படித்தது ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான். எழுதினால் மெதுவாக யோசித்துச் சொல்லலாம் என்று தோன்றியது. சீனி வருத்தம் (இரத்தத்தில் சீனி கூடிப்போகும் நோய்) உள்ள வேறு யாராவது வாசித்தாலும் நல்லதுதான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதையே கேட்பார்கள்.

முதல் அறிகுறி எது என்று டொக்டர்மார் எல்லோரும் கேட்டார்கள். என்னால் ஒரு நாளைக் காட்ட முடியவில்லை. நம் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் குளிர் உங்களுக்குத் தெரியும். தை மாதத்தில் விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெறுங்காலோடு குழாயடிக்குப் போய் வந்தால் யாருக்கும் கால் மரத்துத்தான் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்வரை ஆட்கள் எல்லோரும் காலைத் தரையில் தட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். நானும் தட்டினேன். வெயில் ஏறியதும் அவர்களுக்கு மரப்பு விட்டது. எனக்கு விடவில்லை. இந்த வருசம் குளிர் கூட என்று நினைத்துக்கொண்டேன். மாசி போய்ப் பங்குனி வந்தது. அப்போதும் குளிர் என்றுதான் நினைத்தேன்.

தாகம் எடுத்தது. ஃபெக்டரியில் தேயிலைத் தூள் காயவைக்கும் அடுப்புப் பக்கம் வேலை. அங்கே நின்றால் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? உடம்பு மெலிந்தது. "அண்ணனுக்கு ஜம்ப் முன்னவிட நல்லா வருது" என்று வொலிபோல் டீமில் சொன்னார்கள். எனக்கு அது சந்தோசமாகக்கூட இருந்தது.

இப்படி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

நம் தோட்டத்து வொலிபோல் டீம் வெறுங்காலில்தான் விளையாடும். சப்பாத்து (காலணி) வாங்க வசதியில்லை என்பது பாதிதான். மீதி, அந்த கிரவுண்ட் அப்படி. ஃபெக்டரிப் பக்கம் உயர்ந்து, தேயிலைப் பக்கம் சரிந்து கிடக்கும். பெருவிரலை மண்ணில் ஊன்றினால்தான் அந்தச் சரிவில் நின்று எழும்பிப் பந்தை அடிக்க முடியும். வெளித் தோட்டத்து ஆட்கள் சப்பாத்தோடு வந்து வழுக்கி விழுவார்கள். நாங்கள் சிரிப்போம். பள்ளிக்கூடத்தில் உடற்கல்விக்கு ஆசிரியர் இல்லாததால், வேலை முறை பார்த்து, அதிபர் கூப்பிடும்போது நான் போய்ப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பேன். அங்கேயும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். பெருவிரலை ஊன்று, பிறகு எழும்பு.

அந்த அதிபர் மூலமாகத்தான் நஸ்ரின் மிஸ் எங்களிடம் வந்தார். ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். பல்கலைக்கழகத்தில் விளையாட்டையும் உடற்கல்வியையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். பங்குனி மாதத்தில் ஒருநாள் பின்னேரம், பயிற்சி முடிந்து வேர்வையோடு உட்கார்ந்திருந்த எங்கள் நடுவில் அவரும் புல்லில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியைத் துண்டு விரித்து வைத்தார்.

"எத்தன கப் அடிச்சோம்னு சொல்லணுமா மிஸ்?" என்று ரவி கேட்டான். ரவியை உங்களுக்குத் தெரியும், வாய் சும்மா இருக்காது.

"அது வேணாம். வெளையாடுறப்ப ஒங்களுக்கு எப்படி இருக்கு, அத ஒங்க வார்த்தையில சொல்லணும். அதுதான் என்னோட ஆராய்ச்சியே."

"எப்புடி இருக்கும்... நல்லா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, எழுதும்போது எங்கள் பெயர் வராது, வேறு பெயர்தான் போடுவேன், என்ன பெயர் வேண்டும் என்று நீங்களே சொல்லலாம் என்றார்.

"அப்ப எனக்குத் துரைன்னு போடுங்க மிஸ். பொஸ்தகத்துலயாவது தோட்டத்த நடத்துற துரையா இருந்துட்டுப் போறேன்."

"அவன் சின்னத் துரை மிஸ். எனக்குப் பெரிய துரைன்னு போடுங்க" என்றான் பந்து தூக்கிக் கொடுக்கும் மோகன்.

"நீ பெரிய துரைன்னா மொதல்ல எங்க லயத்து வீட்டுக் கூரைய மாத்திக் குடுடா."

இந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். எழும்புவதற்கு முன் காலுக்கு என்ன தெரிகிறது?

"குளிரு மிஸ்" என்றான் ரவி. "மழ பேஞ்சிருந்தா வெரலு நடுவுல சேறு ஏறும். கொழகொழன்னு. சொல்ல வெக்கமா இருக்கு, அது நல்லா இருக்கும்."

"எனக்கு லைன் தெரியும்" என்றான் மோகன். "கோட்டுக்கிட்ட புல்லு இருக்காது, மொட்டத் தர. குனிஞ்சு பாக்க வேணாம், காலு வச்சாலே தெரிஞ்சிரும்."

என் முறை வந்தது. நான் யோசித்தேன். சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்றுதான் யோசித்தேன்.

"எனக்கு ஒன்னும் தெரியல மிஸ்."

"ஒன்னும் தெரியலன்னா?"

"ஒன்னுமே இல்ல. பழகிருச்சு போல."

"அண்ணனுக்குக் காலு இல்ல மிஸ், லொறி டயரு" என்றான் ரவி. நானும் சிரித்தேன். நஸ்ரின் மிஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து தெரியல அண்ணே?"

சேறு விரல் நடுவில் ஏறுவது எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒரு சத்தம் நின்றுபோனால் அது நின்ற நேரம் நமக்குத் தெரியாது அல்லவா, அது மாதிரி.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் டொக்டர் இல்ல அண்ணே. ஆனா எங்க வாப்பாவுக்குச் சீனி இருக்கு. அவரும் இப்பிடித்தான் சொன்னாரு. ஒருக்கா போய்க் காட்டுங்களேன்."

"சரி மிஸ்" என்றேன். சித்திரை வருசப் பிறப்புக்கு மேட்ச் இருந்தது. முடிந்ததும் போகலாம் என்று நினைத்தேன். வலி என்று ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன்.

அடுத்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் பார்த்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

மழையில் பயிற்சி முடித்துவிட்டு நனைந்த காலோடு வந்தேன். எப்போதும்போல அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, காலை அடுப்பு விளிம்பில் வைத்தேன். நம் லயத்தில் எந்தக் காம்பராவுக்கு (அறைக்கு) போனாலும் மழைநாளில் ஆம்பிளைகள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் மேட்ச் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்னாமோ கருகுது" என்றாய் தர்ஷினி.

"ரொட்டி இல்லடி, இப்பத்தானே கல்லுல போட்டேன்."

"இல்லம்மா, மயிரு கருகுற மாதிரி... அப்பா! காலு! அப்பா, ஒங்க காலு!"

நான் குனிந்து பார்த்தேன். கொள்ளிக்கட்டை சரிந்து பெருவிரலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பார்த்த பிறகுதான் காலை இழுத்தேன். சூடு பட்டவன் முதலில் இழுப்பான், பிறகுதான் பார்ப்பான். நான் பார்த்துவிட்டு இழுத்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

"வலிக்குதாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்பாடா. அப்பப் பெருசா ஒன்னும் இல்ல."

நாங்கள் விட்ட பிழை அதுதான். வலி இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம். தேங்காய் எண்ணெய் தடவினோம். பக்கத்துக் காம்பராக்காரர் பற்பசை பூசச் சொன்னார், அதையும் பூசினோம். துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். மேட்சும் விளையாடினேன். ஜெயித்தோமா தோற்றோமா என்று இப்போது ஞாபகம் இல்லை.

நிரோஷன், ஒருநாள் சாப்பிடும்போது நீ தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாய். ஏன்டா என்று அம்மா கேட்டதற்கு, "அப்பாகிட்ட நாறுது" என்றாய். அம்மா உன்னை ஏசினாள். நான் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். பெருவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியிருந்தது. அப்போதும் வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா என் கைவிரல் நுனியைக் குத்தி மெசினில் சீனி பார்த்தார். மெசினை ஒருதரம் உதறிவிட்டு இன்னொரு விரலைக் குத்தினார். பிறகு ஆட்டோவுக்குச் சொல்லியனுப்பினார். அன்றைக்குப் பகலே நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அங்கே ஒரு இளம் டொக்டர். சிங்களத்தில்தான் பேசினார். எனக்குப் புரியும் அளவுக்குச் சிங்களம் தெரியும். மெல்லிய நைலான் நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொன்னார். காலைத் தொடும்போது தொடுகிறது என்று நான் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வார்டில் யாரோ இருமினார்கள். தள்ளுவண்டி ஒன்று போனது. நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் தொடலயா டொக்டர்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது" என்றார். "ரெண்டு காலும் பாத்துட்டேன்."

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நூல் என் காலில் எங்கெல்லாம் பட்டது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்தபோது அவள் சேலை முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

நரம்புச் சேதம் (சீனி கூடி, காலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் செத்துப்போவது) என்றார் டொக்டர். வருசக்கணக்காகச் சீனி இருந்திருக்க வேண்டும் என்றார். விரலில் கேங்ரீன் (இரத்தம் ஓடாமல் சதை அழுகுவது). இரண்டு விரலையும் எடுக்க வேண்டும். கிருமி மேலே ஏறியிருந்தால் கணுக்காலோடு போகலாம், வெட்டித் திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

"பெருவெரல் இல்லாம எழும்ப ஏலுமா டொக்டர்?"

அவருக்கு விளங்கவில்லை. கட்டிலிலிருந்து எழும்புவதைக் கேட்கிறேன் என்று நினைத்தார். வொலிபோல் என்று கையால் காட்டினேன்.

"மொதல்ல ஒங்களுக்குக் கால் இருக்கட்டும்" என்றார்.

"என்னாங்க, காலையே எடுத்துட்டா என்னாங்க செய்றது?" என்று அம்மா அழுதாள். "எடுத்தா எடுக்கட்டும்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. வேறு யாருடைய காலையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. பயம்கூடத் தூரத்தில் நின்றது.

ஒப்பரேசனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் ஊசி). கொஞ்ச நேரம் கழித்து, கால் மரத்துவிட்டதா என்று கேட்டார்கள். எந்த மரப்பைக் கேட்கிறார்கள் என்று யோசித்தேன். பிறகு தொடையைத் தொட்டார்கள். அங்கே வித்தியாசம் தெரிந்தது. "ஆமா" என்றேன்.

கண் விழித்துக்கொண்டேதான் கிடந்தேன். பச்சைத் துணி மறைத்திருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. கணுக்கால் போகுமா என்று கேட்க நினைத்தேன். சிங்களத்தில் கணுக்காலுக்கு என்ன சொல்வது என்று அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

கால் இருந்தது. விரல் இரண்டும் போயிருந்தன. ஆனால் காயம் சுத்தமாகும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். தினமும் மருந்து கட்டும்போது நர்ஸம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். காயம் எப்படி இருக்கிறது என்பதை என் காலிடமிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அவர் முகத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் பூண்டுலோயாக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை. "தம்பி, ஒனக்கு இன்னும் சோடியா வாங்கணும் சப்பாத்து" என்பார். "எனக்கு ஒத்தச் சப்பாத்து. கடக்கார மொதலாளி மத்ததத் தலைல கட்டத்தான் பாப்பாரு. நீ என் அளவா? வா, பங்கு போட்டுக்குவோம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே சிரித்துக்கொள்வார்.

ஒரு விசயத்தை யாரிடமும் சொல்லவில்லை. போன விரல் வலித்தது. எரிந்தது. மாயவலி (வெட்டி எடுத்த உறுப்பு இன்னும் இருந்து வலிப்பதுபோலத் தோன்றுவது) என்று டொக்டர் பிறகு விளக்கினார், பலருக்கு வரும் என்றார். இருந்தபோது நெருப்பில் கிடந்தும் ஒரு வார்த்தை சொல்லாத விரல், இல்லாமல் போன பிறகு எரிந்தது. முதல் தடவை எரிந்தபோது நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டு மட்டும் இருந்தது.

தர்ஷினி, நீ பார்க்க வந்தபோது கட்டிலின் தலைமாட்டிலேயே நின்றாய். கால் பக்கம் திரும்பவில்லை. "நான் இன்னும் கொஞ்சம் முந்திப் பாத்திருக்கலாம்ப்பா" என்றாய். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். நீ கத்தியிராவிட்டால் நான் சாப்பாடு வரும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். நிரோஷன், நாறுகிறது என்று நீ சொல்லியிராவிட்டால் துணியை அவிழ்த்திருக்க மாட்டேன். கணுக்கால் தப்பியது அதனால்தான். டொக்டர் அப்படித்தான் சொன்னார். இதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேலையை ஃபெக்டரி வாசலில் காவலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் சீனிக்கு ஊசி. குளித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். முன்பு காலை நினைக்காமல் நாளெல்லாம் போனது. இப்போது படி இறங்குவதென்றாலும், முதலில் பார்த்து, பிறகு வைத்து, வைத்துவிட்டேனா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. குழாயடிக்குப் போய் வருவதற்குள் காலைப்பொழுது பாதி போய்விடுகிறது.

நஸ்ரின் மிஸ் மறுபடி வந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் எழுதி முடித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் சொன்னதை வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்பது அந்த ஆராய்ச்சியின் முறையாம். என் விசயம் அவருக்கு அதிபர் சொல்லித் தெரிந்திருந்தது. காம்பராவில் உட்கார்ந்து மற்றதையெல்லாம் வாசித்தார். அந்த இடம் வந்ததும் குரல் இறங்கியது.

"'எனக்கு ஒன்னும் தெரியல. ஒன்னுமே இல்ல. பழகிருச்சு போல.' இது நீங்க சொன்னதுதானே அண்ணே?"

"ஆமா மிஸ்."

"அன்னைக்கே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கணும் நான்."

"நீங்க ஒருத்தர்தான் மிஸ் எப்பலேருந்துன்னு கேட்டீங்க. நானே என்னையக் கேக்கல."

"இத எடுத்துரவா? ஒங்களுக்கு வேணாம்னா எடுத்துருவேன்."

"இருக்கட்டும். வாசிக்கிறவங்க யாராவது காலப் பாத்துக்கிட்டா சரி."

"பேரு? நீங்க மட்டும் இன்னும் சொல்லல."

"எதையாவது போடுங்க மிஸ்."

கொஞ்சம் யோசித்து ஏதோ எழுதிக்கொண்டார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அம்மா கொடுத்த பிளேன்ட்டியைக் குடித்துவிட்டு எழும்பும்போது, "கடைசியா ஒன்னு. இப்ப வெளையாட்டுன்னா ஒங்களுக்கு என்ன அண்ணே?" என்றார்.

"போய்ப் பாத்துட்டுத்தான் மிஸ் சொல்லணும்."

அடுத்த நாள் எனக்கு வேலை பின்னேரம்தான். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு, கிளினிக்கில் கொடுத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன்.

யாரும் இல்லை. வலை கட்டியிருக்கவில்லை, கம்பம் இரண்டும் நின்றன. ஃபெக்டரிப் பக்கத்துக் கோட்டைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்து நின்றேன். எழும்பிப் பார்க்கவில்லை. நின்றபடியே ஒரு சர்வீஸ் அடித்தேன். கைக்கு அடி தெரிந்தது. உள்ளங்கை சிவந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவால் போய், அந்தப் பக்கம் விழுந்து, சரிவில் உருண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டது.

முன்பென்றால் ஓடிப்போய் எடுத்திருப்பேன். இப்போது ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து, செடிகளைக் கையால் விலக்கி, தண்ணீர் ஓடும் காணில் இறங்கி ஏறி, பந்தை எடுத்துக்கொண்டு மேலே வரும்போது வெயில் கம்பத்தின் அடுத்த பக்கத்துக்கு மாறியிருந்தது.

கிரவுண்ட் ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து ஒரு தேயிலைக் கொட்டை விழுந்தது. விரல்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்காலுக்கு அடியில் அது கிடந்திருக்கிறது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அளவுக்கு ஒரு பள்ளம் சிவந்திருந்தது. தோல் கிழியவில்லை. எவ்வளவு நேரம் அதை மிதித்து நடந்தேன் என்று தெரியவில்லை.

கொட்டையை உள்ளங்கையில் வைத்து மூடி அழுத்தினேன். வலித்தது. வலிக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும்வரை அழுத்தினேன். பிறகு அதைத் தேயிலைப் பக்கம் எறிந்துவிட்டு, சப்பாத்துக்குள் கையை விட்டு நுனிவரைக்கும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் தடவினேன். போட்டுக்கொண்டு கயிற்றைக் கட்டினேன்.